பொதுக் கல்விப் பாடத்திட்டமும் துறைகளும்: ஓர் எளிய அறிமுகம்

யாழ்ப்பாணத்தில் இருந்து இந்த விடயத்தை விளக்க முற்படுபவர் முதலில் சில சொற்களைத் துலக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ‘கல்லூரி’ என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது பாடசாலை. இக்கட்டுரையில் அச்சொல் பட்டம் வழங்கும் நிறுவனத்தைக் குறிக்கிறது. ‘பொதுக் கல்வி’ என்பது கல்வி அமைச்சின் வழக்கில் தரம் 1 முதல் 13 வரையான பள்ளிப் படிப்பு. ‘பொதுப் பட்டம்’ என்பதோ சிறப்புப் பட்டத்துக்கு மாறாக மூன்று ஆண்டுகளில் முடிகின்ற பட்டம். நாம் இங்கே பேசப்போவது இவை இரண்டையும் அல்ல. ஒரு மாணவர் பொறியியல் படித்தாலும் சரி, வரலாறு படித்தாலும் சரி, தாம் தெரிந்துகொண்ட துறைக்கு வெளியே எல்லா மாணவரும் பொதுவாகக் கற்றே ஆகவேண்டும் என்று ஒரு கல்லூரி வகுத்து வைக்கும் பகுதியே பொதுக் கல்விப் பாடத்திட்டம். ஐக்கிய அமெரிக்காவின் பெரும்பாலான கல்லூரிகளில் இது பட்டப்படிப்பின் கட்டாயமான அங்கம். இந்தியாவிலும் இலங்கையிலும் வெவ்வேறு பெயர்களில், வெவ்வேறு அளவுகளில் தலைகாட்டுகிறது.

இதன் தேவையை நமது பிள்ளைகளின் படிப்புப் பாதையைப் பார்த்தாலே விளங்கிக்கொள்ளலாம். சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு பிள்ளை 9 பாடங்கள் எடுக்கிறது. அவற்றுள் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய 6 பாடங்கள் கட்டாயமானவை. உயர்தரத்துக்கு வந்ததும் அந்தப் பரப்பு முக்கிய பாடங்கள் மூன்றாகச் சுருங்கிவிடுகிறது. பொது ஆங்கிலமும் பொதுச் சாதாரண பரீட்சையும் உடன் வந்தாலும், ரியூசன் வகுப்புகளின் நெருக்கடியில் அவற்றுக்கு யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. ஆகவே உயிரியல் பிரிவுக்குப் போன பிள்ளை தன் 16ஆம் வயதோடு வரலாற்றுப் புத்தகத்தை மூடிவிடுகிறது. கலைப் பிரிவுக்குப் போன பிள்ளை அதே வயதில் விஞ்ஞானத்தைக் கைவிடுகிறது. பல்கலைக்கழகத்தில் இந்தப் பிரிவு இன்னும் இறுகுகிறது. வேறு எந்த ஏற்பாடும் இல்லையென்றால், எங்கள் வைத்தியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நிருவாகிகளுக்கும் பல துறைகளையும் ஒருங்கே தொட்டுப் பார்த்த கடைசி அனுபவம் சாதாரண தரமாகவே நின்றுவிடும்.

பழைய யாழ்ப்பாணத்தில் இந்தச் சிக்கல் வேறு வடிவில் இருந்தது. அமெரிக்க மிசன் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் தமிழும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும் கணிதமும் வானியலும் தத்துவமும் கிறிஸ்தவ சமயமும் ஒரே மாணவருக்குக் கற்பிக்கப்பட்டன. அங்கே பொதுக் கல்வி என்று தனியாக ஒன்று இருக்கவில்லை. கல்வி முழுவதுமே பொதுவாக இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான கறோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை ஆகிய இருவரும் அந்தச் செமினரியில் படித்தவர்கள். விசுவநாதபிள்ளை தமிழில் கணித நூல் எழுதினார். தாமோதரம்பிள்ளை சட்டம் படித்து நீதிபதியாகவும் கடமையாற்றினார், 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். 1855இல் செமினரி மூடப்பட்டது. அந்தக் கல்வியைக் குறையற்றதென்று சொல்ல நான் வரவில்லை. சமயம் பரப்பும் நோக்கம் அதன் நடுவில் இருந்தது, பெண்களுக்கு அங்கே இடம் இருக்கவில்லை. ஆனால் ஒரு மனிதர் கணிதத்தையும் கலித்தொகையையும் ஒருசேரக் கையில் எடுப்பது அந்தக் காலத்துக்கு விந்தையாகத் தோன்றவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

அதன்பின் உலகெங்கும் நடந்தது துறைகளின் எழுச்சி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அறிவு பெருகப் பெருக, பல்கலைக்கழகங்கள் துறைகளாகப் பிரிந்தன. ஒவ்வொரு துறைக்கும் தனி ஆசிரியர்கள், தனி ஆய்வுகூடம், தனி ஆய்விதழ், தனிப் பட்டம் என்று ஆயின. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1869 முதல் 1909 வரை தலைவராக இருந்த சார்ல்ஸ் எலியட், மாணவர் தாம் விரும்பிய பாடங்களைத் தாமே தெரிவுசெய்யும் முறையை விரித்துக்கொண்டு போனார். நூற்றாண்டு முடியும்போது அங்கே முதலாம் ஆண்டு ஆங்கில எழுத்துப் பயிற்சியைத் தவிரக் கட்டாயப் பாடம் என்று சொல்லத்தக்கது ஏறத்தாழ எஞ்சவில்லை. அவருக்குப் பின் பதவியேற்ற லோவல் இதற்கு ஒரு வரம்பு கட்டினார்: ஒரு துறையில் ஆழமாகப் படிப்பதோடு பிற துறைகளிலும் பரவலாகச் சில பாடங்கள் எடுக்க வேண்டும் என்றார். முதல் உலகப் போர் முடிந்த வேளையில், 1919இல், கொலம்பியா பல்கலைக்கழகம் சமகால நாகரிகம் பற்றிய ஒரு பாடத்தை எல்லா இளமாணவருக்கும் பொதுவாக்கியது. 1945இல் ஹார்வர்ட் வெளியிட்ட பொதுக் கல்வி அறிக்கை அமெரிக்கா முழுவதும் இந்த விவாதத்தை மறுபடி கிளப்பியது. நமது அயலில், டொக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையிலான 1948–49ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகக் கல்வி ஆணைக்குழுவும் இந்தியப் பட்டப்படிப்புகளில் பொதுக் கல்வி இடம்பெற வேண்டும் என்று பரிந்துரைத்தது.

இந்த வரலாற்றில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான். பாடங்களெல்லாம் துறைகளின் உடைமையாகிவிட்ட பிறகு, பொதுவான பாடம் உரித்தாளி இல்லாத காணியாகிவிட்டது. அதை யார் வகுப்பது, யார் கற்பிப்பது, யார் மதிப்பிடுவது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை காண்பதுதான் ‘துறைகளின் பங்கேற்பு’ என்று சொல்லப்படுகிறது. பொதுக் கல்விக்கென்று ஒரு பணிப்பாளரையும் ஓர் அலுவலகத்தையும் நியமித்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணும் நிறுவனங்கள் உண்டு. அலுவலகம் நேரசூசி போடும், படிவம் சேர்க்கும். கற்பிக்கத் தெரிந்த ஆசிரியர் இருப்பதோ துறையில். துறை மனம் வைக்காவிட்டால் பொதுக் கல்விப் பாடம் கையேட்டில் மட்டுமே இருக்கும்.

துறைகள் பங்கேற்கும் வழிகள்

மிகப் பரவலான வழி, பாடங்களை வகைகளில் கொண்டுபோய் வைப்பது. கல்லூரி சில வகைகளை வகுக்கும்: மனிதப் பண்பியலும் கலைகளும், சமூக விஞ்ஞானம், இயற்கை விஞ்ஞானமும் கணிதமும் என்பவை போன்று. ஒவ்வொரு மாணவரும் ஒவ்வொரு வகையிலும் ஒன்றோ இரண்டோ பாடம் எடுக்க வேண்டும். துறைகள் தங்களிடம் உள்ள பாடங்களுள் பொருத்தமானவற்றை அந்தந்த வகைக்கு முன்மொழியும். அமெரிக்காவின் தென் மாநிலக் கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் அமைப்பு, இளமாணிப் பட்டத்தில் குறைந்தது 30 கிரெடிட் (பாடச் சுமையை அளக்கும் அலகு) பொதுக் கல்வியாக இருக்க வேண்டும் என்றும், மேற்சொன்ன மூன்று வகைகளிலும் ஒவ்வொரு பாடமாவது அதில் அடங்க வேண்டும் என்றும் விதிக்கிறது. டெக்சாஸ் மாநிலத்தின் அரச கல்லூரிகளில் இந்தப் பொதுப் பகுதி 42 கிரெடிட். நான்காண்டுப் பட்டம் அங்கே வழக்கமாக 120 கிரெடிட் என்பதால், கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரை பொதுக் கல்வியே எடுத்துக்கொள்கிறது.

இரண்டாவது வழி, எல்லோருக்கும் ஒரே பாடத்தை வைத்து, அதைக் கற்பிக்க எல்லாத் துறைகளிலிருந்தும் ஆசிரியர்களை அழைப்பது. கொலம்பியாவின் மூலப் பாடத்திட்டம் இப்படித்தான் நடக்கிறது. சிறு வகுப்புகளில், வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த ஆசிரியர்கள், ஒரே நூல்களை மாணவரோடு உட்கார்ந்து வாசிக்கிறார்கள். இங்கே துறை கொடுப்பது பாடத்தை அல்ல, ஆளை. மெய்யியல் ஆசிரியர் தமது துறைக்கு வெளியேயுள்ள ஒரு நூலையும் கற்பிக்க முன்வர வேண்டும். அதற்கு அவர் மாணவரைப் போலவே படித்துத் தயாராக வேண்டும். செலவும் உழைப்பும் மிகுந்த வழி இது. ஆனால் ஆசிரியர்களுக்கே கல்வியூட்டும் வழியும் இதுவே என்பது என் எண்ணம்.

மூன்றாவது வழி வெளியே தெரிவதில்லை. எழுதுதல், பேசுதல், எண்களை வைத்து நியாயித்தல் போன்ற ஆற்றல்களை ஒரு தனிப் பாடமாக ஒதுக்காமல், ஒவ்வொரு துறையும் தன் பாடங்களுக்குள்ளேயே வளர்க்கப் பொறுப்பேற்பது. அமெரிக்காவில் 1970களில் எல்லாப் பாடங்களிலும் எழுத்துப் பயிற்சி என்ற இயக்கம் இதிலிருந்தே வளர்ந்தது. விலங்கியல் துறை தன் மூன்றாம் ஆண்டுப் பாடமொன்றை ‘எழுத்துக்கு முதன்மை தரும் பாடம்’ என்று அறிவித்தால், அதில் மாணவர் அறிக்கையை எழுதி, ஆசிரியரின் குறிப்பைப் பெற்று, திருத்தி மீண்டும் எழுதித் தரவேண்டும். ஒப்படையை ஒருமுறை வாங்கிப் புள்ளி போட்டுக் கட்டி வைப்பது அந்தக் கணக்கில் சேராது.

இவை தவிர, துறைகளின் ஆசிரியர்கள் பொதுக் கல்விக் குழுவில் அமர்வதும், மாணவரின் எழுத்துகளைப் பிற துறையினரோடு சேர்ந்து மதிப்பிடுவதும் பங்கேற்புத்தான். இன்னொன்றும் உண்டு, அதைப் பலர் பங்கேற்பாகவே எண்ணுவதில்லை. தன் சொந்தப் பட்டத்தில் இடம் விட்டுக் கொடுப்பது. நான்கு ஆண்டையும் தன் பாடங்களாலேயே நிரப்பிக்கொண்டு, பொதுக் கல்வி நல்ல விடயம்தான் என்று கூட்டத்தில் கையுயர்த்தும் துறை உண்மையில் அதற்கு எதிராகவே வாக்களிக்கிறது.

உள்ளவர்க்கான பாடமும் வெளியார்க்கான பாடமும்

இந்த விடயத்தில் மிக அதிகமாகத் தவறு நடக்கும் இடம் இது என்பதால் சற்று நின்று சொல்கிறேன். ஒரு துறையின் முதலாம் ஆண்டு அறிமுகப் பாடம் அந்தத் துறைக்குள் நுழைபவருக்கானது. இரண்டாம் ஆண்டில் வரப்போகும் பாடத்துக்கு அத்திவாரம் போடுவதே அதன் வேலை. அதில் வரும் வரைவிலக்கணங்களும் குறியீடுகளும் பிறகு பயன்படும் என்ற நம்பிக்கையிலேயே கற்பிக்கப்படுகின்றன. வெளித்துறை மாணவருக்கோ அந்தப் ‘பிறகு’ இல்லை. அந்த ஒரு பாடத்தோடு இரசாயனவியலை அவர் விட்டுப் போய்விடுவார். ஆகவே வீடு கட்டாத அத்திவாரமாக அது அவரிடம் நின்றுவிடுகிறது.

நான் இரசாயனவியல் கற்பிப்பவன். கலைப்பிரிவு மாணவருக்கு ஒரு பொதுப் பாடம் நடத்தும் பொறுப்பு முதன்முறை எனக்கு வந்தபோது, என் முதலாம் ஆண்டு விரிவுரைக் குறிப்புகளை எடுத்து, கடினமான பகுதிகளை வெட்டிவிட்டு, மீதியைக் கொண்டு போனேன். மூன்றாம் வாரம் மூலர்ச் செறிவு பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் வகுப்பில் பாதிப்பேர் எழுதுவதை நிறுத்தியிருந்தார்கள். பரீட்சையில் எல்லோரும் வரைவிலக்கணங்களைப் பிழையில்லாமல் எழுதித் தேறினார்கள். ஆனால் குடிநீர்ப் போத்தலின் சுட்டுத்துண்டில் உள்ள எண்களின் பொருள் என்ன என்று கேட்ட வினாவுக்கு ஒருவரும் விடை எழுதவில்லை. அது மாணவரின் குறை அல்ல. என் துறையின் பாடத்தைச் சுருக்கினேனே தவிர, அவர்களுக்கான பாடத்தை நான் ஆக்கவில்லை.

அடுத்த ஆண்டு வேறு விதமாகத் தொடங்கினோம். முதல் வகுப்புக்கு வரும்போது ஒவ்வொருவரும் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கழுவிய ஒரு சோடாப் போத்தலில் நிரப்பிக்கொண்டு வரவேண்டும் என்று சொல்லியிருந்தேன். கோண்டாவிலில் இருந்தும் உரும்பிராயில் இருந்தும் ஊர்காவற்றுறையில் இருந்தும் போத்தல்கள் வந்தன. நைத்திரேற்றுச் சோதனைத் தாள்களை நனைத்து எடுத்தபோது, சில வெள்ளையாகவே இருந்தன. தோட்டக் காணிகளின் நடுவே இருந்த கிணறுகளின் தாள்கள் இளஞ்சிவப்பிலிருந்து கடுஞ்சிவப்பாக மாறின. வரலாறு படிக்கும் ஒரு மாணவி தன் தாளை வர்ண அட்டையோடு திரும்பத் திரும்ப ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ‘சேர், எங்கட கிணறு வெங்காயத் தோட்டத்துக்குப் பக்கத்தில. அதாலயோ?’ என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து பாடம் தானாக நகர்ந்தது. உரம் என்றால் என்ன, நைதரசன் மண்ணில் என்னவாகிறது, மழைநீரோடு அது ஏன் கீழே இறங்குகிறது என்பவை எல்லாம் வந்தன. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்று ஏன் எல்லை வகுத்தது, அந்த எல்லையைக் கைக்குழந்தைகளின் உடல்நிலை ஏன் தீர்மானித்தது என்பதும் வந்தது. மூலர்ச் செறிவை நான் சொல்லவே இல்லை. லீற்றருக்கு மில்லிகிராம் என்ற செறிவு அளவை அவர்கள் நன்றாகவே விளங்கிக்கொண்டார்கள்.

இந்த இடத்தில்தான் ஒரு துறையால் மட்டும் முடியாதது வெளிப்படுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுகிறது. சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளில் தேங்கும் மழைநீர், கடல்நீருக்கு மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையாக நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறிவிடுகிறது. இதை விளக்கப் புவியியல் துறை வேண்டும். உரம் இட்டுப் பயிர் செய்பவரின் வரவு செலவை விளக்க விவசாயமும் பொருளியலும் வேண்டும். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை பற்றியும், நமது காணி உறுதிகளில் இன்றும் எழுதப்படும் கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் உரிமை பற்றியும் பேசச் சட்டத்துறையினர் வேண்டும். துலா மிதித்து இறைத்த காலத்தில் ஒரு கிணற்றில் ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் எடுக்க முடிந்தது, இயந்திரம் வந்தபின் என்ன மாறியது என்பதை வரலாற்றுத் துறை சொல்ல வேண்டும். கேணி, துரவு, குளம், மோட்டை என்று நீர்நிலைக்கு நமது மொழி வைத்திருக்கும் பெயர்களின் வேறுபாட்டைத் தமிழ்த்துறை எடுத்துக்காட்டலாம். ‘யாழ்ப்பாணத்து நிலத்தடி நீர்’ என்று ஒரே பாடத்தை இத்தனை துறைகளும் சேர்ந்து ஆக்கினால், அது எந்தத் துறையின் பாடத்தையும் விட நன்றாக இருக்கும் என்றே நான் நம்புகிறேன். ஆனால் சேர்ந்து ஆக்குவது என்றால் ஒவ்வொருவரும் வந்து இரண்டு வகுப்பு எடுத்துவிட்டுப் போவது அல்ல. அப்படி நடந்தால் மாணவருக்கு ஏழு துண்டுகள் கிடைக்கும், பாடம் கிடைக்காது. ஒருவர் தொடக்கம் முதல் முடிவு வரை வகுப்பில் இருக்க வேண்டும், மற்றவர்கள் அவரோடு முன்கூட்டியே அமர்ந்து கேள்விகளை ஒழுங்குபடுத்த வேண்டும்.

முன்மொழிவிலிருந்து மூதவை வரை

ஒரு பாடம் பொதுக் கல்விப் பட்டியலில் இடம்பெறும் வழிமுறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டாலும் அடிப்படை ஒன்றே. துறைக் கூட்டத்தில் முன்மொழிவு எழுதப்படுகிறது. பொதுக் கல்விக் குழு அதைப் படித்து, தான் வகுத்துள்ள கற்றல் பேறுகளோடு அது பொருந்துகிறதா என்று பார்க்கிறது. பின்னர் பீடச் சபை, அதன்பின் பல்கலைக்கழகத்தின் உயர் கல்விசார் சபையான மூதவை. முன்மொழிவில் குழு தேடுவது பாடத் தலைப்புகளின் நீண்ட பட்டியலை அல்ல. இந்தப் பாடத்தை முடித்த வெளித்துறை மாணவர் எதைச் செய்யக்கூடியவராக இருப்பார், அதை எந்த ஒப்படையால் அறிவீர்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கான விடையையே தேடுகிறது. ‘மாணவர் இரசாயனவியலின் அடிப்படைகளை அறிவார்’ என்று எழுதினால் முன்மொழிவு திரும்பி வரும், வரவேண்டும். ‘மாணவர் ஒரு நீர்ப் பரிசோதனை அறிக்கையை வாசித்து, அந்த நீர் குடிக்கத் தகுந்ததா என்று காரணத்தோடு எழுதுவார்’ என்றால் குழுவுக்குப் பேசுவதற்கு ஏதோ கிடைக்கிறது.

கிரெடிட் கணக்கையும் புதியவர் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 50 மணிநேர உழைப்பு. விரிவுரை, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைக்கான ஆயத்தம் எல்லாம் அதற்குள் அடங்கும். ஓராண்டுக்கு 30 கிரெடிட், நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120. இதில் பத்தில் ஒரு பங்கான 12 கிரெடிட்டைப் பொதுக் கல்விக்கு ஒதுக்கினால் 600 மணிநேரம். மாணவருக்கு அது நான்கு பாடங்கள். துறைக்கோ தன் பட்டத்திலிருந்து நான்கு பாடங்களை எடுத்துவிடுவது என்று பொருள். எதை எடுப்பது என்ற பேச்சு வரும்போது துறைக் கூட்டங்கள் இரவாகும். ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஆசிரியரின் ஆய்வும் ஆசையும் பின்னால் நிற்கும். இதைப் பேராசை என்று சொல்லிவிடக் கூடாது. தம் பாடத்தில் ஊறியவர் அதை இழக்கத் தயங்குவது இயல்பு. ஆயினும் நான்காம் ஆண்டில் மூன்று பேர் எடுக்கும் விருப்பப் பாடத்தைக் காக்க, முந்நூறு பேர் எடுக்கவேண்டிய பொதுப் பாடத்தை மறுப்பதற்குத் துறை நியாயம் சொல்லியே ஆகவேண்டும்.

சில துறைகள் இதற்குக் குறுக்கு வழி கண்டுபிடிக்கின்றன. தம் பட்டத்தின் கட்டாயப் பாடத்தையே பொதுக் கல்விப் பாடமாகவும் பதிவு செய்து, ஒரே பாடத்துக்கு இரண்டு கணக்கிலும் கிரெடிட் காட்டுகின்றன. ஓரளவுக்கு இதை அனுமதிக்கும் கல்லூரிகள் உண்டு. அளவு மீறினால் மாணவர் துறையை விட்டு ஓர் அடியும் வெளியே வைக்காமலே பொதுக் கல்வியை முடித்துவிடுவார்.

யார் கற்பிப்பது

துறைகள் பொதுக் கல்விக்கு முன்வருவதும் பின்வாங்குவதும் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் தங்கியிருக்கிறது. பல அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு பாடத்துக்கு எத்தனை மாணவர் பதிகிறார்கள் என்பது துறையின் நிதியையும் ஆளணியையும் பாதிக்கிறது; அதனால் பொதுக் கல்விப் பட்டியலில் இடம்பிடிக்கத் துறைகள் போட்டியிடுகின்றன. அந்தப் போட்டிக்கும் தீமை உண்டு: மாணவரை ஈர்க்கப் பாடத்தை எளிதாக்கிவிடும் ஆபத்து. நமது அரச பல்கலைக்கழகங்களில் மாணவர் இளமாணிப் படிப்புக்குக் கட்டணம் செலுத்துவதில்லை. பொதுப் பாடத்துக்கு இருநூறு பேர் கூடுதலாக வந்தால் துறைக்குக் கிடைப்பது இருநூறு விடைத்தாள்கள் மட்டுமே. பதவியுயர்வுப் படிவத்தில் ஆய்வுக் கட்டுரைகள் கனத்த புள்ளி பெறுகின்றன. வெளியாருக்குப் பாடம் ஆக்கிய உழைப்பு அங்கே ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது. இந்த நிலையில், துறைத்தலைவர் பொதுப் பாடத்தை ஆகக் கடைசியாக வந்த தற்காலிக உதவி விரிவுரையாளரிடமோ வருகை விரிவுரையாளரிடமோ ஒப்படைப்பதில் வியப்பில்லை.

வியப்பில்லை என்றாலும் அது பிழை. தன் துறையை வெளியாருக்கு விளக்குவதற்கு அந்தத் துறையில் நீண்டகாலம் வாழ்ந்திருக்க வேண்டும். எதைச் சொல்லாமல் விடலாம் என்பது அனுபவத்தால் மட்டுமே தெரியும். நேற்றுப் பட்டம் பெற்ற இளைஞருக்குத் தாம் கற்ற ஒழுங்கு ஒன்றுதான் கையில் இருக்கும். அவர் அதையே ஒப்புவிப்பார். துறையின் மூத்த ஆசிரியர்கள் முறைவைத்து, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொருவராகப் பொதுப் பாடத்தைப் பொறுப்பேற்பதும், இளையவர்கள் அவர்களோடு குழு வகுப்புகளை நடத்திப் பழகுவதும் நல்ல ஏற்பாடு. பொதுப் பாடத்தின் கற்பித்தல் நேரத்தைச் சாதாரண பாடத்தின் நேரத்தை விடச் சற்றுக் கூட்டிக் கணக்கிடுவதும், வகுப்பு 40 பேரைத் தாண்டினால் உதவியாளர் தருவதும் நிருவாகம் செய்யவேண்டியவை. இவற்றைச் செய்யாமல் துறைகளின் ஒத்துழைப்பைப் பற்றி நிருவாகம் முறையிடுவதில் பயனில்லை.

யாழ்ப்பாணத்தின் தனிச் சிக்கல்கள்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக, பேராசிரியர் க. கைலாசபதியின் தலைமையில், பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில் தொடங்கியது. 1979இல் தனிப் பல்கலைக்கழகமானது. இன்று அதன் பீடங்கள் ஓரிடத்தில் இல்லை. கலை, விஞ்ஞானம், முகாமைத்துவம் போன்றவை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில். பொறியியல், விவசாயம், தொழினுட்பம் ஆகியவை 60 கிலோமீற்றருக்கும் அப்பால் கிளிநொச்சி அறிவியல் நகரில். பொறியியல் மாணவரும் வரலாற்று மாணவரும் ஒரே வகுப்பறையில் அமர்ந்து நிலத்தடி நீரைப் பற்றிப் பேசுவது என் கனவு. நேரசூசி போடுபவருக்கு அது பஸ் ஒழுங்கு, மண்டப ஒழுங்கு, அரையாண்டுத் தொடக்கம் முடிவு எல்லாம் சேர்ந்த கணக்கு. இணையவழி வகுப்பு ஓரளவு கைகொடுக்கும். போத்தலில் தண்ணீர் கொண்டுவரும் வகுப்பை இணையவழியில் நடத்த முடியாது.

இரண்டாவது சிக்கல் மொழிமூலம். கலைப் பாடங்கள் பெரும்பாலும் தமிழில் நடக்கின்றன. விஞ்ஞானமும் மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. அந்தப் பீடங்களில் சிங்கள மாணவரும் கணிசமாகப் படிக்கிறார்கள். பீடங்களைக் கடந்த பொதுப் பாடம் எந்த மொழியில் நடக்கும்? ஆங்கிலத்தில் என்றால் கலைப்பீட மாணவர் வாய் திறக்கத் தயங்குவார். தமிழில் என்றால் சிங்கள மாணவர் வெளியே நிற்பார். ஒரே பாடத்தை இரு மொழிப் பிரிவுகளாக நடத்தி, களப்பயிற்சியை மட்டும் ஒன்றாக வைப்பது நடைமுறைக்கு ஏற்றது என்று எனக்குத் தோன்றுகிறது. கீரிமலைக் கேணியடியிலோ நிலாவரைக் கிணற்றடியிலோ மூன்று மொழிகளும் கலந்து பேசுவதற்கு யாரும் மூதவையின் அனுமதி கேட்கப் போவதில்லை.

நமக்கு முன்னுதாரணம் இல்லை என்று சொல்ல முடியாது. எல்லாப் பீடங்களுக்கும் ஆங்கிலம் கற்பிக்கும் அலகு நெடுங்காலமாகவே பொதுக் கல்வியைத்தான் நடத்தி வருகிறது. ஆனால் அதை எல்லோரும் ஒரு தனி அலகின் வேலையாக ஒதுக்கி விட்டார்கள். முதலாம் ஆண்டில் ஆங்கிலம் படித்த மாணவர் மூன்றாம் ஆண்டில் தம் துறையின் அறிக்கையை எழுதத் திணறும்போது துறை அந்த அலகைக் குறை கூறுகிறது. அந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு பக்கத்தையாவது எழுதச் சொல்லித் திருத்திக் கொடுத்ததா என்று துறை தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மதிப்பீடும் மீளாய்வும்

பாடம் தொடங்கியபின் துறையின் பங்கு பரீட்சைப் புள்ளியோடு முடிவதில்லை. புள்ளி ஒரு மாணவர் எப்படிச் செய்தார் என்பதைச் சொல்லும். பாடம் தன் வேலையைச் செய்ததா என்பதை அது சொல்லாது. அதற்காகப் பல கல்லூரிகள் ஒரு முறையைக் கையாள்கின்றன. பொதுப் பாடங்களின் மாணவர் எழுத்துகளில் ஒரு பகுதியை, பெயரை மறைத்து, வெவ்வேறு துறையினர் அடங்கிய சிறு குழுவொன்று வாசிக்கிறது. சான்றுகளைப் பயன்படுத்துதல், வாதத்தை ஒழுங்குபடுத்துதல் போன்ற அளவுகோல்களை முன்கூட்டியே எழுதி வைத்து, ஒவ்வொரு எழுத்தும் எந்தப் படியில் நிற்கிறது என்று குறிக்கிறார்கள். முதல் அமர்வில் ஒரே எழுத்துக்குப் பௌதிகவியல் ஆசிரியர் தாழ்ந்த படியையும் தமிழ் ஆசிரியர் உயர்ந்த படியையும் கொடுப்பது வழக்கம். அந்த வேறுபாட்டைப் பற்றி அவர்கள் பேசும் அரைமணி நேரம், எண்களை விடப் பெறுமதியானது. சான்று என்று ஒருவர் கருதுவதை மற்றவர் ஏன் சான்றாக ஏற்கவில்லை என்பது அங்கேதான் வெளிச்சத்துக்கு வருகிறது.

மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது பாடத்தை மீளாய்வு செய்வதும், பயன்படாததைப் பட்டியலிலிருந்து நீக்குவதும் துறையின் கடமைகளே. பட்டியலில் சேர்ப்பது எளிது, நீக்குவது கடினம். அதனால் ஆண்டுகள் போகப் போகப் பொதுக் கல்விப் பட்டியல் நீண்டு, எதையும் எடுத்துத் தேறலாம் என்ற நிலை வந்துவிடும். மீளாய்வின்போது வெளித்துறை மாணவரிடமே கேட்பது நல்லது. எங்கள் நீர்ப் பாடத்தில், கண்ட பெறுமானத்தை வீட்டாரிடம் எப்படிச் சொல்வது என்று பாடத்தில் எங்கும் இல்லையே என்று முதல் தொகுதி மாணவர் எழுதியிருந்தார்கள். அடுத்த தொகுதிக்கு இறுதி ஒப்படையை மாற்றினோம். தன் கிணற்றின் பரிசோதனை முடிவை, விஞ்ஞானம் படிக்காத ஓர் அயலவருக்கு, பயமுறுத்தாமலும் மறைக்காமலும், ஒரு பக்கத்தில் தமிழில் எழுத வேண்டும். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, அவர் கேட்ட முதல் கேள்வியை அடியில் குறித்து வரவேண்டும். அந்தப் பக்கங்களைத் திருத்த இப்போது தமிழ்த்துறையிலிருந்து ஒரு ஆசிரியர் எங்களோடு அமர்கிறார்.